மேட்டில் மூச்சு வாங்கிய கார்

வானொலி அறிவிப்பாளனுக்குக் காதுதான் மூலதனம். ஒலிபரப்பில் மூன்று விநாடி மௌனம் விழுந்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். பாட்டின் பின்னணியில் ஒரு சின்ன இரைச்சல் வந்தாலும் பிடித்துவிடுவேன். அப்படிப்பட்ட நான், என் சொந்தக் காரின் பின்னிருக்கைக்கு அடியில் மாதக்கணக்கில் முனகிக்கொண்டிருந்த ஒன்றைக் கேட்காமலே ஓட்டியிருக்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். கார் வைத்திருக்கும் வாசகர்களில் ஒருவருக்காவது இது பயன்படும்.

கார் அப்பாவுடையது. புரோட்டோன் வீரா, 1997இல் புதிதாக வாங்கியது. ஒன்பது வருடம் தவணை கட்டி முடித்தார். பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிகப் பகுதியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 28 வருடம் வேலை செய்தவர். ஓய்வு பெற்றதும் சாவியை என்னிடம் கொடுத்தார். நான் சும்மா இருந்தேனா?

வீராவைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அதன் பூர்வீகமும் தெரியும். மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாக வைத்து வந்த கார் அது. அதனால் ஜப்பானில் லான்சர் ஜிஎஸ்ஆருக்கு வந்த 1.8 லிட்டர் டர்போ என்ஜின், பட்டறைக்காரர்கள் 4ஜி93டி என்று செல்லமாகச் சொல்வது, வீராவுக்குள் அதிகம் அடம்பிடிக்காமல் உட்காரும். ஜப்பானில் ஓடி முடித்த கார்களைக் குறுக்கே வெட்டி, முன்பாதியை மட்டும் கப்பலில் அனுப்புவார்கள். அதைத்தான் 'ஹாஃப் கட்' என்கிறோம். அப்படி வந்த ஒன்றிலிருந்து என்ஜினை எடுத்துப் போட்டேன். புஸ்பகோம் சோதனை, ஜேபிஜே பதிவு எல்லாம் முறையாக முடித்தேன். பிறகு ட்யூன் செய்து பூஸ்டை 0.8 பாருக்கு வைத்தோம்.

அப்போது பட்டறை அண்ணன் ஒன்று சொன்னார். “தம்பி, பெட்ரோல் பம்பையும் அதுக்குப் போற வயரையும் மாத்திடு. இது ஜப்பான்ல எத்தன வருஷம் ஓடுச்சோ தெரியாது.” கையில் காசு கரைந்துவிட்டிருந்தது. “அடுத்த மாசம் பார்க்கலாம்ணே” என்றேன். அந்த அடுத்த மாதம் இரண்டு வருடமாக வரவில்லை.

அப்பா அந்த இரண்டு வருடமும் காரில் ஏறவில்லை. “நான் வாங்கின காடி வேற, இது வேற” என்று ஒரே பேச்சு.

பிறகு நிபோங் திபாலில் ஒரு கல்யாணம் வந்தது. அம்மாவின் பிடிவாதத்தில் அப்பா முன்னால் ஏறி உட்கார்ந்தார். பத்து மாவுங் வழியாக இரண்டாவது பாலத்தில் ஏறினோம். 2014 மார்ச்சில் திறந்தது, மொத்தம் 24 கிலோமீட்டர். பாதிக்கு மேல் தட்டையாக ஓடும் பாலம், கப்பல் போகும் இடத்தில் மேடாக எழும்பும். அந்த மேட்டில், எனக்கு முன்னால் ஒரு வேன் ஊர்ந்துகொண்டிருந்தது. வலப்பக்கத் தடத்துக்கு மாறி மிதித்தேன். டர்போ விசில் கேட்டது. அடுத்த கணம் யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல் கார் திணறியது. மிதிக்க மிதிக்க வேகம் குறைகிறது. 80இல் இருந்த முள் 55க்கு வந்துவிட்டது. பின்னால் ஒரு லாரி, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு கண்ணாடி முழுக்க வளர்ந்தது.

பயத்தில் காலை எடுத்தேன். உடனே என்ஜின் சாதுவாக ஓடியது, ஒன்றுமே நடக்காத மாதிரி. இடப்பக்கம் ஒதுங்கி மெதுவாகவே நிபோங் திபால் போய்ச் சேர்ந்தோம். அப்பா வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணம் முடிந்து கிளம்பும்போது மட்டும் சொன்னார்: “நீ போய்யா. நானும் அம்மாவும் மாமா காடியில வந்துடறோம்.”

திட்டியிருந்தால் பரவாயில்லை.

மறுநாளே பழுதுபார்க்கும் படலம் தொடங்கியது. தெரிந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஸ்பார்க் பிளக் மாற்றினேன். கோயில் மாற்றினேன். பெட்ரோல் ஃபில்டர் மாற்றினேன். காற்று அளக்கும் சென்சாரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். 640 ரிங்கிட் போனது. ஒவ்வொரு முறையும் பட்டறை வாசலில் நிறுத்தி முடுக்கிப் பார்த்தால் கார் பாட்டுப் பாடும். மேட்டில் ஏறினால் மறுபடி திணறும்.

மூன்றாவது வாரம், சாப்பாட்டு மேசையில் பில்களைப் பார்த்த அப்பா கேட்டார்.

“எதையாவது அளந்து பார்த்தியா? இல்ல, மாத்திக்கிட்டே இருக்கியா?”

நான் பதில் சொல்லவில்லை.

அப்பா தொழிற்சாலையில் பார்த்தது பரிசோதனைப் பிரிவு. அவர் சொன்ன கதை இது. மேசையில் வைத்துச் சோதித்தால் நன்றாக வேலை செய்யும் சில்லு, சூடேற்றும் அடுப்பில் வைத்து மின்சாரம் பாய்ச்சியதும் படுத்துவிடும். அதனால்தான் 125 டிகிரியில் மணிக்கணக்கில் வேகவைத்துச் சோதிப்பார்களாம். “சும்மா இருக்கும்போது எல்லாமே பாஸ் ஆகும். வேலை குடுத்துப் பாரு. எந்த இடத்துல விழுதுன்னு அப்பத்தான் தெரியும்” என்றார்.

அன்றிரவுதான் எனக்கு அந்த முனகல் ஞாபகம் வந்தது. நிகழ்ச்சிக்கான யோசனைகளை நான் காரிலிருந்தே கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து வைப்பது வழக்கம். ஒரு வருடத்துக்கு முந்தைய பதிவு ஒன்றையும் சென்ற மாதப் பதிவு ஒன்றையும் ஸ்டூடியோ ஹெட்ஃபோனில் அடுத்தடுத்துக் கேட்டேன். பழையதில் என் குரலுக்குப் பின்னால் சீரான மெல்லிய ரீங்காரம். புதியதில் அதே ரீங்காரம் சுருதி இறங்கி, கரகரத்து, நடுநடுவே தடுமாறியது. பெட்ரோல் பம்ப்! ஒரு வருடமாக என் பதிவிலேயே புகார் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் என் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இங்கே பம்ப் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது பெட்ரோல் தொட்டிக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் ஒரு சின்ன மின்மோட்டார். தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுத்து என்ஜினுக்கு அழுத்தத்துடன் தள்ளும். தன்னைச் சுற்றிலும் தன்னூடாகவும் ஓடும் பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. என் மாதிரி காரில் என்ஜின் பக்கம் ஒரு ரெகுலேட்டர் இருக்கும். அது அழுத்தத்தை ஓர் அளவில் வைத்து, மிச்சப் பெட்ரோலைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும். என் காரில் வைத்த அளவு 3 பார்.

டர்போ காரில் ஒரு சிக்கல் உண்டு. பூஸ்ட் 0.8 பார் ஏறினால், உள்ளே காற்று அந்த அளவுக்கு எதிர்த்துத் தள்ளும். அதைச் சமாளிக்கப் பெட்ரோல் அழுத்தமும் அதே அளவு ஏறி 3.8 பார் ஆக வேண்டும். அதே நேரத்தில் என்ஜினுக்கு மிக அதிகமான பெட்ரோல் தேவைப்படும். ஆனால் அழுத்தம் ஏற ஏற எந்தப் பம்பும் தள்ளும் அளவு குறையும். சும்மா நிற்கும்போது சொட்டுச் சொட்டாகக் கேட்கும் என்ஜினுக்குச் செத்துக்கொண்டிருக்கும் பம்பும் போதும். மேட்டில்தான் குட்டு வெளிப்படும்.

அப்படிப் பெட்ரோல் பற்றாமல் போவது வெறும் திணறலோடு நிற்பதில்லை. முழு பூஸ்டில் காற்று 11.5 முதல் 12 பங்கு இருந்தால் ஒரு பங்கு பெட்ரோல் என்று ட்யூன் செய்வது வழக்கம். அந்தக் கூடுதல் பெட்ரோல்தான் எரியறையின் சூட்டைத் தணிக்கிறது. அது குறைந்தால் என்ஜினுக்குள் 'டக் டக்' என்று தட்டும் ஓசை வரும். தொடர்ந்து மிதித்தால் பிஸ்டன் உருகும். பாலத்தில் பயந்து காலை எடுத்தேனே, அந்தப் பயம்தான் என்ஜினைக் காப்பாற்றியிருக்கிறது.

சனிக்கிழமை ரெலாவ் பக்கம் இருக்கும் பட்டறைக்குப் போனோம். அப்பாவும் வந்தார், தன் பழைய மஞ்சள் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு. அவர் மோட்டார் சைக்கிளில்தான் வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அண்ணன் பெட்ரோல் குழாயில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்தினார். சும்மா ஓடும்போது 2.4. ரெகுலேட்டரின் வெற்றிடக் குழாயைக் கழற்றினால் சரியாக 3. “பார்த்தியா, எல்லாம் சரியாத்தான் இருக்கும்” என்றார் அப்பா. அடுத்து, தொட்டிக்குத் திரும்பும் ரப்பர் குழாயை அண்ணன் ஒரு கணம் இடுக்கியால் அழுத்திப் பிடித்தார். பெட்ரோல் திரும்ப வழியில்லாதபோது, நல்ல பம்பாக இருந்தால் முள் சட்டென்று எகிற வேண்டும். எங்கள் முள் 4 வரை நொண்டிப்போய் நின்றுவிட்டது. ரெகுலேட்டர் பாவம், அதன்மேல் குற்றமில்லை. முன்பே ஃபில்டர் புதிது. மிச்சம் இருப்பது பம்பும் அதற்குப் போகும் மின்சாரமும்.

இனி வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும். அழுத்தமானியை முன்கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஒட்டினோம். பெட்ரோல் உள்ள குழாயைக் காருக்குள் கொண்டுவருவது தற்கொலைக்குச் சமம், யாரும் செய்யாதீர்கள். பின்னிருக்கையைத் தூக்கி, பம்புக்குப் போகும் வயர் இணைப்பில் மல்டிமீட்டரின் முனைகளைச் செருகினார் அப்பா. பிறகு, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே ஓரமாக உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அந்தக் காரில் ஏறியது அப்போதுதான். நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் இறங்கிவிடுவாரோ என்று பயம்.

தெலுக் கும்பாரைத் தாண்டி பாலிக் புலாவுக்குப் போகும் வழியில் புக்கிட் கெந்திங் மேடு இருக்கிறது. வேகமாக ஓட்ட வேண்டியதில்லை. மூன்றாவது கியரில் அந்த ஏற்றத்தில் ஏறினாலே டர்போவுக்கு வேலை வந்துவிடும். அண்ணன் முன்னிருக்கையில் அழுத்தமானியைப் பார்க்கிறார். நான் மிதித்தேன்.

“மூணு அஞ்சு... மூணு ரெண்டு... மூணு! விடு விடு!” என்றார் அண்ணன். 3.8 இருக்க வேண்டிய இடம். காற்று, பெட்ரோல் விகிதம் காட்டும் கடிகாரம் 13.8க்கு ஓடியிருந்தது.

பின்னாலிருந்து அப்பா நிதானமாகப் படித்தார். “பதினொன்னு புள்ளி மூணு. மிதிச்சதும் பத்து புள்ளி ஒம்போது.”

என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட். பம்புக்குப் போய்ச் சேர்வது 10.9. வழியில் 3 வோல்ட் காணாமல் போகிறது! பழைய மெல்லிய வயர், கருகிய ரிலே முனை, துருப்பிடித்த எர்த் என்று ஆளுக்குக் கொஞ்சம் தின்றிருக்கிறார்கள். வோல்ட் குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். என் பதிவில் சுருதி இறங்கியதன் காரணம் இதுதான்.

“பம்பை மட்டும் மாத்தினா பத்தாது” என்றார் அப்பா. “பெரிய பம்ப் இன்னும் அதிகமா கரண்ட் இழுக்கும். இந்த வயர்ல இன்னும் அதிகமா வோல்ட் விழும். ரெண்டையும் செய்யணும்.” அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு வருடத்துக்கு முன் அவர் சொன்னதும் அதேதான்.

எவ்வளவு பெரிய பம்ப் வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 200 குதிரைத்திறன் டர்போ என்ஜின் முழு வேலையில் மணிக்கு ஏறக்குறைய 70 முதல் 75 லிட்டர் குடிக்கும். வயது, சூடு, வோல்ட் குறைவு எல்லாவற்றுக்கும் இடம் வைத்தால், ட்யூன் செய்த கார்களில் பரவலாகப் போடும் மணிக்கு 255 லிட்டர் பம்ப் தாராளம். அளவுக்கு மீறிப் பெரிதாகப் போட்டால் வேறு தலைவலி வரும். திரும்பும் குழாய் ஒல்லியாக இருந்தால் மிச்சப் பெட்ரோல் போக வழியில்லாமல், சும்மா ஓடும்போதே அழுத்தம் ஏறிவிடும். போலிகளும் சந்தையில் நிறைய. மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். நான் ரசீதும் உத்தரவாதமும் தரும் கடையில் வாங்கினேன்.

மாற்றும் வேலையில் பாதி நேரம் பாதுகாப்புக்கே போனது. தொட்டியில் கால்வாசிக்கும் குறைவாகவே பெட்ரோல். என்ஜின் ஓடும்போதே பம்பின் இணைப்பைப் பிடுங்கி, தானாக அணையும்வரை விட்டுக் குழாயின் அழுத்தத்தை இறக்கினோம். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினோம். நான்கு கதவும் திறந்து, தீயணைப்பான் பக்கத்தில். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரின் தரையிலும் பள்ளத்திலும் தேங்கி நின்று ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அதனால் கைப்பேசி, சிகரெட், மின்விசிறி எதுவும் கிட்டே வரவில்லை. தெரியாதவர்கள் இதை வீட்டில் செய்ய வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

பம்ப் வெளியே வந்தது. அடியில் இருக்கும் வலைப்பை தேநீர் வடிகட்டி மாதிரி கறுத்திருந்தது. பம்பிலிருந்து மேலே போகும் சின்ன ரப்பர் குழாய் ஊறி வெடித்திருந்தது, தொட்டால் கையில் மை ஒட்டியது. எப்போதோ யாரோ சாதாரணக் குழாயைப் போட்டிருக்கிறார்கள். பெட்ரோலுக்குள் மூழ்கியே கிடக்க வேண்டிய குழாய் அதற்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். புதிய பம்ப், புதிய வலைப்பை, சரியான குழாய், புதிய ரப்பர் வளையம். பிறகு பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், 20 ஆம்பியர் ஃபியூஸ், புதிய ரிலே, சுரண்டிச் சுத்தம் செய்த எர்த். பழைய வயர் இப்போது ரிலேயை இயக்க மட்டும். வயர் வேலை முழுவதையும் அப்பாதான் செய்தார். ஒவ்வொரு இணைப்பையும் முடித்ததும் இழுத்துப் பார்ப்பார். மூன்று முறை. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுபடி புக்கிட் கெந்திங். பம்பில் 13.5 வோல்ட். பூஸ்ட் 0.8இல் அழுத்தம் 3.8, ஆடாமல். விகிதக் கடிகாரத்தில் 11.6. கீழே இறங்கிச் சும்மா ஓடவிட்டுப் பார்த்தோம், 2.4தான். பெரிய பம்ப் அங்கேயும் தொல்லை தரவில்லை.

கணக்குப் பார்த்தேன். பம்ப், வயர், கூலி எல்லாம் சேர்த்து 580 ரிங்கிட். அளக்காமல் மாற்றியதற்குக் கொடுத்தது 640.

ட்யூன் செய்யாத சாதாரணக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறது. விளக்கு எரியும்வரை தொட்டியைக் காயவிடாதீர்கள், பம்ப் சூடாகும். பல கார்களில் சாவியைத் திருப்பியதும் பின்னால் இரண்டு விநாடி ரீங்காரம் கேட்கும். பாட்டைப் போடுவதற்கு முன் அதைக் கேட்டுப் பழகுங்கள், மாறினால் தெரியும். சும்மா நிற்கும்போது நன்றாக இருந்து மேட்டில் மட்டும் திணறினால், எதையும் வாங்குவதற்கு முன் பெட்ரோல் அழுத்தத்தையும் பம்பில் வோல்ட்டையும் வேலை கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். திணறும்போது மேலும் மிதிக்காதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பத்து காவானில் ஒரு வேலை இருந்தது. சாவியை எடுத்தபோது அப்பா செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். “நானும் வர்றேன்” என்றார். பாலத்தின் மேட்டில் பின்னால் ஒரு லாரி வந்தது. 80இலேயே ஏறினோம். கார் மூச்சு வாங்கவில்லை. அப்பா வேகமானியையும் பார்க்கவில்லை, லாரியையும் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பாலம் இறங்கியதும் ஓரமாக நிறுத்தச் சொன்னார். எனக்குத் திக்கென்றது. இறங்கிப்போய்ப் பின்னிருக்கையைத் தூக்கி, தான் போட்ட வயரை விரலால் தொட்டுப் பார்த்தார். திரும்ப வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

“சுடல. போ.”